லாக் ஃபைலின் கடைசி வரியை நம்பாதீர்கள்

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்கு மேப், அதாவது ஆடுகளம், கட்டுகிறவர்கள் உதவி கேட்டு அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு ஜன்னல், அதில் நெருக்கமாக எழுத்துகள், கடைசி இரண்டு வரிகளில் ஒரு புலம்பல்: மேப்பை கம்பைல் செய்ததில் (கேமுக்குப் புரியும் கோப்பாக மாற்றியதில்) ஏதோ கோளாறு, காரணம் தெரிய லாக் ஃபைலைப் பாருங்கள். நடந்ததை எல்லாம் வரிவரியாகக் குறித்து வைக்கும் அந்த லாக் ஃபைலை, அனுப்பியவர் திறந்திருக்க மாட்டார். அல்லது திறந்து, நேராகக் கடைசிக்குப் போய், அங்கேயும் அதே இரண்டு வரிகள் இருப்பதைப் பார்த்து நொந்துபோயிருப்பார்.

அந்த வரிகளை எழுதியது, தடுக்கி விழுந்த புரோகிராம் இல்லை. அதற்கு அடுத்து வரிசையில் நின்ற புரோகிராம்.

மேப் கட்டும் மென்பொருளான ஹேமர் எடிட்டரில் எஃப்9 அழுத்தினால் நடப்பது இதுதான். முதலில் ஹேமர், திரையில் இருக்கும் மேப்பை .மேப் என்ற எழுத்துக் கோப்பாக எழுதி வைக்கிறது. அப்புறம் நான்கு புரோகிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதை வாங்கிக்கொள்கின்றன. எச்எல்சிஎஸ்ஜி ஒவ்வொரு பிரஷ்ஷையும் (மேப்பைக் கட்டும் துண்டு) பலகோணப் பக்கங்களாக வெட்டுகிறது. எச்எல்பிஎஸ்பி அவற்றை மரக்கிளைகள் போலப் பிரித்து அடுக்குகிறது, மேப் எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறதா என்றும் பார்க்கிறது. எச்எல்விஸ் எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரியும் என்று கணக்கிடுகிறது. எச்எல்ராட் வெளிச்சம் போடுகிறது. முதல் ஆள் விழுந்தால், போகும்போது .இஆர்ஆர் என்று ஒரு சின்னக் கோப்பைப் போட்டுவிட்டுப் போகிறது. பின்னால் வரும் மூன்றும் அதைப் பார்த்ததும் வேலை செய்ய மறுத்து, "லாக் பாருங்கள்" என்று ஆளுக்கொரு முறை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும். ஆகவே லாக்கின் கடைசிப் பாதி முழுக்க எதிரொலிதான். உண்மையான சேதி மேலே எங்கோ இருக்கிறது. மேப் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் .லாக் கோப்பைத் திறந்து, மேலிருந்து கீழே படித்து, "எரர்" என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை அன்றைக்குத் தேவையில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நான்கும் விழுந்த பிறகும் ஹேமர் கவலைப்படாமல் கேமைத் திறக்கும். கேமின் மேப்ஸ் ஃபோல்டரில் போன வாரம் உருப்படியாக வந்த பிஎஸ்பி கோப்பு, அதாவது கம்பைல் ஆகி முடிந்த மேப், இன்னும் இருக்கும். அது ஜம்மென்று ஓடும். "சுவரை எடுத்துட்டேன், ஆனா கேம்ல சுவர் அப்படியே இருக்கு" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பிஎஸ்பி கோப்பின் தேதி, நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, இப்போது ஒரு உண்மையான மேப்புக்கு வருகிறேன்.

என் சித்தி மகன் பொறியியல் படிக்கிறான். அவனுடைய ஹாஸ்டலில் இன்றைக்கும் 1.6 ஓடுகிறது. 2003இல் வந்த கேம். எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும், இணையம் வேண்டாம், ஒரு ஸ்விட்சும் நான்கு வயரும் போதும். ஹாஸ்டலில் ஆடுகிறவர்களுக்குச் சீக்கிரமோ தாமதமாகவோ வரும் ஆசை அவனுக்கும் வந்தது: நம்ம ஹாஸ்டலையே மேப்பாகக் கட்டினால் என்ன? இதற்கான சரக்கு அங்கே சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குப் பென்டிரைவில் வழிவழியாக வருகிற ஒரு ஃபோல்டர். அதில் பழைய ஹேமரும் கம்பைல் டூல்களும் இருந்தன.

"அண்ணா, எக்ஸ்போர்ட் ஆக மாட்டேங்குது."

"எக்ஸ்போர்ட் ஆகலையா, கம்பைல் ஆகலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?"

அவன் அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஹேமர் இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்திருக்கிறது. ஆனால் அவன் மேப்பின் கோளாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருந்தது.

ஹேமரில் நாம் சேமிப்பது .ஆர்எம்எஃப் கோப்பு. அது எடிட்டருக்கு மட்டும் புரிகிற கோப்பு. குரூப், விஸ்குரூப் (வேண்டும்போது மறைத்து வைக்கும் தொகுப்பு), வண்ணம், முனைகளின் தசம இலக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். கம்பைலருக்கு அது வேண்டாம்; .மேப் தான் வேண்டும். அந்த வடிவம் 1996இல் வந்த க்வேக் கேமின் சொத்து. ஹேமருக்கும் அதே வயதுதான்: பென் மோரிஸ் என்பவர் 1996இல் க்வேக்குக்காக எழுதிய வேர்ல்டுகிராஃப்ட்டை 1997இல் வால்வ் நிறுவனம் வாங்கிக்கொண்டது, பிற்பாடு பெயரை மாற்றியது. 1998 நவம்பரில் வந்த ஹாஃப் லைஃபின் எஞ்சினும் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) க்வேக் எஞ்சினிலிருந்து கிளைத்ததுதான்; கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடுவதும் அதில்தான். ஆகவே இன்றைக்கு ஹாஸ்டல் பையன் ஒருவன் படிக்கட்டு கட்டினாலும் கடைசியில் அது க்வேக் காலத்து இலக்கணத்தில்தான் எழுதப்படுகிறது.

.மேப் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தவர்கள் குறைவு. திறந்து பாருங்கள், கடிக்காது. ஒரு தரையின் மேல்பக்கம் அதில் இப்படி இருக்கும்:

( -64 64 0 ) ( 64 64 0 ) ( 64 -64 0 ) தரை1 [ 1 0 0 0 ] [ 0 -1 0 0 ] 0 1 1

முதல் மூன்று அடைப்புகளும் மூன்று புள்ளிகள். அடுத்தது டெக்ஸ்ச்சரின், அதாவது அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டும் படத்தின், பெயர். சதுர அடைப்புகள் இரண்டும் டெக்ஸ்ச்சர் எந்தத் திசையில் ஓட வேண்டும், எவ்வளவு தள்ளி ஒட்ட வேண்டும் என்று சொல்கின்றன. மிச்சம் சுழற்சியும், அகல உயர அளவும். ஒரு பெட்டிக்கு இப்படி ஆறு வரிகள்.

இதில் எது இல்லை என்று கவனியுங்கள். தரைக்கு நான்கு மூலைகள். இங்கே இருப்பது மூன்று புள்ளிகள்தான். நான்காவது மூலை எங்கேயும் எழுதப்படவில்லை. ஏனென்றால் .மேப் கோப்புக்கு மூலைகளே தெரியாது. அதற்குத் தெரிந்தவை தளங்கள் மட்டும். மூன்று புள்ளி கொடுத்தால் ஒரு தளம் நிச்சயமாகிவிடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போல. ஆறு தளங்களைக் கொடுத்து, "இந்த ஆறுக்கும் உள்பக்கம் எதுவோ அதுதான் பெட்டி" என்று சொல்கிறோம். மூலைகளை எச்எல்சிஎஸ்ஜி மறுபடி கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது.

எடிட்டரில் நாம் மூலைகளைப் பிடித்து இழுக்கிறோம். கோப்பில் தளங்கள் போகின்றன. கம்பைலர் தளங்களிலிருந்து மூலைகளைத் திரும்பக் கட்டுகிறது. போய் வந்த மூலைகள் நாம் வைத்த இடத்திலேயே இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பழைய ஹேமரில் இன்னொரு வினையும் சேர்ந்துகொள்கிறது. .ஆர்எம்எஃபில் தசமமாக இருக்கும் எண்களை .மேப்பில் எழுதும்போது அது முழு எண்ணாக்கிவிடுகிறது. கிரிட்டில், அதாவது எடிட்டரின் கட்டக் கோடுகளில், ஒட்டிக் கட்டியவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்களுடைய எண்கள் ஏற்கெனவே முழு எண்கள். பிரஷ்ஷைச் சுழற்றியவர்களும், கிளிப் டூலால் சாய்வாக வெட்டியவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

எவ்வளவு மாட்டிக்கொள்வார்கள் என்று பார்க்கலாம். செங்குத்தான சுவர் ஒன்று மேலிருந்து பார்த்தால் சாய்வாக ஓடுகிறது. அதன் ஓரம் கிளிப் டூலால் கோணலாக வெட்டுப்பட்டிருப்பதால், கோப்பில் எழுதப்படும் மூன்று புள்ளிகளும் அந்த ஓரத்தில் நெருக்கமாக விழுந்துவிட்டன என்று வையுங்கள். ஒரு புள்ளி (0, 0). இன்னொன்று (7.6, 3.4). முழு எண்ணாக்கினால் இரண்டாவது (8, 3) ஆகிறது. பார்க்க எந்த எண்ணும் அரை யூனிட் (கேமின் நீள அளவு) கூட மாறவில்லை. ஆனால் தளம் அந்த ஓரத்தோடு நிற்காது, சுவரின் மறுமுனை வரை நீளும். 128 யூனிட் தள்ளிப் போய்ப் பார்த்தால், முதல் கணக்கில் சுவர் 57இல் இருக்க வேண்டும். இரண்டாவது கணக்கில் 48இல் நிற்கிறது. 9 யூனிட் வித்தியாசம். கேமில் நிற்கும் ஆளின் அகலமே 32 யூனிட்தான். அதில் கால்வாசிக்கும் மேலான சந்து, எடிட்டரில் எங்கேயுமே தெரியாத சந்து.

தம்பியின் ஹாஸ்டலில் ஒரு வட்டப் படிக்கட்டு உண்டு. அதைச் சுற்றி வளைந்த சுவர். அவன் ஒரு படியைச் செய்து, 15 டிகிரி சுழற்றிச் சுழற்றி நகல் எடுத்து அடுக்கியிருந்தான். சுவர்த் துண்டுகளையும் அப்படியே. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. லாக்கின் முதல் எரர் இப்படிச் சொன்னது: என்டிட்டி 0, பிரஷ் 812, பிளேன் வித் நோ நார்மல்.

என்டிட்டி 0 என்றால் வேர்ல்டுஸ்பான், அதாவது சுவர், தரை என்று சாதாரணமாகக் கட்டிய எல்லாம். பிரஷ் 812 என்பது கோப்பில் அதன் வரிசை எண். ஹேமரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்த எண்ணைக் கொடுத்தால் நேராக அந்த பிரஷ்ஷுக்குக் கொண்டுபோய் விடும். ஒன்றை அழித்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பழைய லாக்கை வைத்துக்கொண்டு புது மேப்பில் தேடினால் நிரபராதி பிரஷ்தான் அகப்படும்.

812 அகப்பட்டது. சுவரில் கிளிப் டூலால் ஓரம் வெட்டியபோது மிஞ்சிய செதில். ஒரு யூனிட்டுக்கும் குறைவான தடிமன். முழு எண்ணாக்கியதும் அதன் ஒரு பக்கத்தின் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்துவிட்டன. ஒரே கோட்டில் இருக்கும் மூன்று புள்ளிகளைக் கொண்டு எந்தத் தளத்தையும் நிச்சயிக்க முடியாது. பத்தாம் வகுப்புக் கணக்கு. கம்பைலர் அதைத்தான் தன் பாஷையில் சொல்லியிருக்கிறது.

"ஆல்ட் பி அழுத்திப் பார்த்தேன் அண்ணா, நோ எரர்ஸ்னு வந்துச்சு" என்றான். வரத்தான் செய்யும். ஆல்ட்டும் பியும் அழுத்தினால் ஹேமர் சோதிப்பது தன் நினைவில் இருக்கும் வடிவத்தை, தசமங்களோடு. அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கெட்டது வெளியே எழுதிய பிறகு.

ஆகவே பழைய ஹேமரில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் சோதனை இது: எக்ஸ்போர்ட் ஆன .மேப் கோப்பை ஹேமரிலேயே திரும்பத் திறங்கள். ஆர்எம்எஃபை அல்ல, மேப்பை. அங்கே ஆல்ட் பி அழுத்துங்கள். இப்போது நீங்கள் பார்ப்பது கம்பைலர் பார்த்ததை. தம்பியின் மேப்பை இப்படித் திறந்ததும் பிழைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. வளைந்த சுவரில் துண்டுக்குத் துண்டு மயிரிழை இடைவெளிகள் கண்ணுக்கே தெரிந்தன. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். ஆர்எம்எஃப் மேல் அதை எழுதிவிட்டால் குரூப், விஸ்குரூப் எல்லாம் போய்விடும்.

இந்த இடத்தில் சிலர் "ஜேக் எடிட்டருக்கு மாறிடு, அது தசமத்தை அப்படியே எழுதும்" என்பார்கள். உண்மைதான், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலேயே தொடங்கலாம். ஆனால் தம்பி அசையவில்லை. "எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் இதுதான் தெரியும், நாளைக்கு யாராவது திருத்தணும்னா?" என்றான். நியாயம்தான். அதோடு, எடிட்டரை மாற்றினால் முழு எண்ணாக்கும் தொல்லை போகுமே தவிர, ஒரு யூனிட்டில் பாதி தடிமன் உள்ள செதில் செதிலாகத்தான் இருக்கும். கட்டியதைச் சரியாகக் கட்டினால் எந்த எடிட்டரிலும் ஓடும்.

படிக்கட்டைச் சரி செய்த விதம் சுருக்கமாக. படி என்பது மேலிருந்து பார்த்தால் ஒரு பீட்சா துண்டு மாதிரியான வடிவம்; மேல்பக்கமும் அடிப்பக்கமும் தட்டை, சுற்றுப் பக்கங்கள் எல்லாம் செங்குத்து. இந்த மாதிரி பிரஷ்ஷில் ஒரு சௌகரியம் உண்டு. மேல்முனையையும் அதற்கு நேர் கீழே உள்ள முனையையும் சேர்த்துப் பிடித்து எங்கே நகர்த்தினாலும், குழிவு விழாத வரை, எந்தப் பக்கமும் கோணாது. ஆகவே ஷிஃப்ட் வி அழுத்தி முனை டூலை எடுத்து, கிரிட்டை 1க்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஜோடி முனையையும் பக்கத்தில் உள்ள கிரிட் புள்ளியில் உட்கார வைத்தோம். முக்கியம் இதுதான்: பக்கத்துப் படியின் முனைகளும் அதே புள்ளியில் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே முழு எண்ணைப் பகிர்ந்துகொண்டால் நடுவில் சந்து விழ வழியே இல்லை. வட்டம் கணக்குப்படி துல்லியமான வட்டமாக இருக்காது. துப்பாக்கியோடு ஓடுகிறவன் அதைக் கவனிக்கப்போவதில்லை.

பாறை, மேடு பள்ளம் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. நான்கு முனையுள்ள பக்கத்தில் ஒரு முனையை மட்டும் தூக்கினால் நான்கும் ஒரே தளத்தில் இல்லாமல் போய்விடும். கோப்பில் மூன்றுதான் போகும், நான்காவது எங்கேயாவது போய் நிற்கும். அங்கெல்லாம் தொடக்கத்திலிருந்தே முக்கோணமாக வெட்டிக்கொள்வதுதான் வழி.

செதில்கள் போனதும் எச்எல்சிஎஸ்ஜி கடந்து போனது. அடுத்தது எச்எல்பிஎஸ்பி, அடுத்த எரர்: லீக். மேப் கட்டுகிறவர்களின் பொதுச் சொத்து இந்த எரர். எச்எல்பிஎஸ்பி, மேப்புக்கு வெளியே உள்ள சூனியத்திலிருந்து தொடங்கி, காலி இடம் வழியாக எதுவரை போக முடிகிறது என்று பார்க்கும். போய்ப் போய் மேப்புக்குள் இருக்கும் விளக்கு, ஆட்கள் தோன்றும் இடம் போன்ற ஓர் என்டிட்டியைத் தொட்டுவிட்டால், எங்கோ ஓட்டை. லீக் ஆன மேப்புக்கு எச்எல்விஸ் ஓடாது. விஸ் இல்லாததால் எச்எல்ராட் நேர் வெளிச்சத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கிடையாது. மேப் ஓடும், ஆனால் கேம் திணறும்.

லாக்கில் லீக் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு என்டிட்டியின் பெயரும் அதன் இருப்பிடமும் இருக்கும். அந்த இடத்தில்தான் ஓட்டை என்று நினைத்துப் பலர் அங்கேயே சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அது பயணம் வந்து முடிந்த இடம் மட்டும். ஓட்டை மறுமுனையில். எச்எல்பிஎஸ்பி .பிடிஎஸ் என்று ஒரு கோப்பை எழுதி வைத்திருக்கும். ஹேமரில் மேப் மெனுவில் லோட் பாயின்ட்ஃபைல் கொடுத்தால், அந்த என்டிட்டியிலிருந்து வெளியே போகும் வழி சிவப்புக் கோடாகத் தெரியும். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால், அது எந்தச் சுவரை ஊடுருவிக்கொண்டு வெளியேறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

தம்பியின் கோடு படிக்கட்டுப் பக்கம் போகவே இல்லை. வராந்தாவில் நேராக ஓடி, ஓர் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்த ஜன்னல் சுவருக்குள் புகுந்து வெளியே போனது. சுவர் இருந்தது. ஓட்டை ஏதும் கண்ணில் படவில்லை. கிளிக் செய்து பார்த்தால் அந்தச் சுவர் ஃபங்க் வால், அதாவது என்டிட்டியாக்கப்பட்ட சுவர். ஜன்னல் கண்ணாடியை என்டிட்டியாக மாற்றும்போது சுவரும் சேர்ந்து தேர்வாகியிருக்கிறது. என்டிட்டியாக மாறிய பிரஷ் கண்ணுக்குத் தெரியும், மோதினால் இடிக்கும், ஆனால் லீக்கை அடைக்காது. எச்எல்பிஎஸ்பிக்கு அங்கே சுவரே இல்லை. டு வேர்ல்டு பொத்தானை அழுத்திச் சுவரை மறுபடி சாதாரணச் சுவராக்கியதும் கோடு மறைந்தது.

கோடு குழப்பமாக இருந்தால் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. மேப்பின் பாதியை விழுங்கும் அளவுக்கு ஒரு பெரிய கட்டியை வைத்து கம்பைல் செய்து பாருங்கள். லீக் போய்விட்டால் அது அந்தப் பாதிக்குள் இருக்கிறது. கட்டியைப் பாதியாக்கி மறுபடி. ஆனால் முழு மேப்பையும் வானம் காட்டும் ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து அடைத்துவிடுகிற வைத்தியத்தை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லீக் எரர் போய்விடும், வேறு ஒன்றும் சரியாகாது. யாரும் பார்க்கப்போகாத வெளிச்சுவர்கள் அத்தனையும் மேப்புக்குள் வந்துவிடும். அவற்றுக்கும் விஸ் கணக்கு, அவற்றுக்கும் வெளிச்சம். கம்பைல் முடிவதற்குள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டே வந்துவிடலாம்.

அடுத்த புகார் வேறு தினுசு. தம்பியின் லேப்டாப் மெதுவானது என்று அறைத்தோழனின் லேப்டாப்பில் கம்பைல் செய்யப் போனார்கள். அதே மேப், அதே டூல்கள், இப்போது டெக்ஸ்ச்சர் கோப்புகளையே காணோம் என்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் டெக்ஸ்ச்சர்களை வைத்திருக்கும் வாட் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

.மேப் கோப்பின் தலையில், வேர்ல்டுஸ்பானுக்குள், வாட் என்று ஒரு வரி இருக்கும். எடிட்டரில் ஏற்றி வைத்த எல்லா வாட் கோப்புகளின் முழுப் பாதையும் அரைப்புள்ளியால் பிரித்து அதில் எழுதப்படும். பயன்படுத்தாதவையும் உட்பட. பழைய ஹேமர் இந்தப் பாதையை எழுதும்போது டிரைவ் எழுத்தை வெட்டிவிடுகிறது. சி டிரைவா டி டிரைவா என்ற தகவல் கோப்பில் கிடையாது. எல்லாம் ஒரே டிரைவில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தோழனின் லேப்டாப்பில் கேம் சி டிரைவில், மேப் ஃபோல்டரை அவர்கள் காப்பி செய்தது டி டிரைவில். டி டிரைவில் நின்றுகொண்டு தேடினால் எப்படிக் கிடைக்கும்? மேப், வாட், டூல் எல்லாவற்றையும் ஒரே டிரைவில், பெயரில் இடைவெளி இல்லாத ஒரு சின்னப் பாதையில் வைப்பதுதான் தீர்வு. இடைவெளி உள்ள ஃபோல்டர் பெயர்களில் இந்தப் பழைய டூல்கள் தடுக்கி விழுவது தனி வம்பு. டெஸ்க்டாப்பில் "நியூ ஃபோல்டர்" என்று வைத்துக்கொண்டு மேப் கட்டுகிறவர்கள் அநேகம்.

வாட் விஷயத்தில் இன்னொன்றையும் அப்போதே செய்துவிடச் சொன்னேன். சொந்தமாகச் செய்த டெக்ஸ்ச்சர் வாட்டை, வாட்இன்குளூட் என்ற கட்டளையால் பிஎஸ்பிக்குள்ளேயே அடைத்துவிடுவது. இல்லையென்றால் கட்டியவன் கணினியில் மட்டும் மேப் திறக்கும், லேனில் சேர வருகிற மற்ற அனைவரும் வாட் இல்லை என்று வெளியே தள்ளப்படுவார்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பத்துப் பேர் திட்டுவதைக் கேட்க வேண்டியிருக்கும்.

நடுவில் ஒரு சில்லறைக் கோளாறு. .மேப் கோப்பில் என்டிட்டியின் ஒவ்வொரு குணமும் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது திரையில் தோன்றும் வாசகத்தில் வார்டனின் பட்டப்பெயரை இவன் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தான். கம்பைலர் அந்த முதல் குறியிலேயே வாசகம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பார்த்துக் குழம்பி நின்றுவிட்டது. குறியை எடுத்ததும் சரியானது. பட்டப்பெயரையும் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

கடைசியாக நான்கு புரோகிராம்களும் ஒழுங்காக ஓடி முடித்தன. லாக்கில் ஓர் எரர் இல்லை. கேமைத் திறந்தால் மேப் ஏறும்போது அல்லாக்பிளாக் ஃபுல் என்று சொல்லி மூடிக்கொண்டது.

இது கம்பைலர் சொல்லும் எரர் இல்லை, எஞ்சின் சொல்வது. அதனால் லாக்கில் இதைத் தேடிப் பயனில்லை. வெளிச்சத் தகவலைச் சேமிக்க எஞ்சினிடம் 128க்கு 128 அளவில் 64 பலகைகள் உண்டு; அவை நிரம்பிவிட்டன என்பதுதான் சேதி. டெக்ஸ்ச்சரில் 16 புள்ளிக்கு ஒரு வெளிச்ச மாதிரி என்பது கணக்கு. 128 யூனிட் சதுரத் தரையில் டெக்ஸ்ச்சர் அளவு 1 என்றால் 9க்கு 9, அதாவது 81 மாதிரிகள். அதே தரையில் அளவை 0.25 ஆக்கினால் டெக்ஸ்ச்சர் புள்ளிகள் நான்கு மடங்கு நெருக்கமாகின்றன, மாதிரிகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. நோட்டீஸ் போர்டில் உள்ள அறிவிப்பு படிக்கும்படி தெரிய வேண்டும் என்று தம்பி அதற்கு 0.25 கொடுத்தது நல்ல யோசனைதான். எடிட்டர் அந்த 0.25ஐ நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து அவன் கிளிக் செய்த மெஸ் ஹால் தரை, கூரை, சுவர் எல்லாவற்றுக்கும் அதையே பூசிவிட்டது. கூரையை மட்டும் 2க்குக் கொண்டுபோனோம், மற்றவற்றை 1க்கு. மேப் திறந்தது. நோட்டீஸ் போர்டு 0.25இலேயே இருக்கிறது.

2023 நவம்பரில் ஹாஃப் லைஃபின் 25ஆம் ஆண்டுக்கு வால்வ் வெளியிட்ட அப்டேட் எஞ்சினின் சில எல்லைகளைத் தளர்த்தியது. பென்டிரைவ் ஃபோல்டரில் இருக்கும் கேமுக்கு அதெல்லாம் வந்து சேராது. ஆகவே ஹாஸ்டல் மேப் பழைய எல்லைக்குள்தான் அடங்க வேண்டும்.

இப்போது அவன் மெஸ் ஹாலில் மேசை நாற்காலி போடுகிறான், ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்கள். நடமாடுகிற ஆள் இடிக்கிறானா என்று பார்க்க எஞ்சின் வைத்திருக்கும் கிளிப்நோடுகள் 32767க்கு மேல் போக முடியாது. ஒவ்வொரு நாற்காலிக் காலும் அதில் பங்கு கேட்கும். மேசைகளை ஃபங்க் வாலாக்கி, இசட்எச்எல்டி நோகிளிப் என்ற குணத்துக்கு 1 கொடுத்து, மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஆளை மட்டும் தடுக்கும் ஒரே ஒரு கிளிப் பெட்டியைப் போர்த்திவிடு என்று சொல்லியிருக்கிறேன். "அப்போ மேசைக்கு அடியில ஒளிய முடியாதே அண்ணா" என்கிறான். முடியாதுதான். ஒரு மேசையை மட்டும் அவனுக்காக விட்டுவைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.